மாத்தளை வெயிலில் துரை வீட்டுப் பூக்கள்

என் அக்காவின் கணவர் ஓய்வு பெற்று மாத்தளையில் வீடு கட்டியபோது, அத்திவாரம் வெட்டும் முன்பே வாசலில் என்னென்ன பூச்செடி வைப்பது என்று முடிவு செய்துவிட்டார். சமையலறை எங்கே வரவேண்டும், கிணற்றுக்கு எந்தப் பக்கம் கதவு வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் சமையலறை ஒரு மூலையில் வந்தது, கிணறு எதிர் மூலையில் கிடந்தது, நடுவில் முழு வீடும் நின்றது. அக்கா ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் வீட்டை ஒருமுறை வலம் வந்தாள். வாசலில் மட்டும் அரைவட்டமாகப் பாத்தி வெட்டி, சுற்றிலும் கல் பதித்து, கல்லுக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அப்படித்தான் இருக்கும்.

அவர் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கம், பகலிலும் பனி இறங்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். வாழ்நாளில் பாதியை அந்தத் துரையின் முதுகைப் பார்த்தபடியே கழித்தார். துரை நடக்கிற மாதிரி நடப்பார். துரை இருமுகிற மாதிரிகூட இருமுவார். துரையிடம் இருந்த ஒரே நல்ல குணம், தன் கீழ் வேலை செய்கிறவனின் வேலை முடிந்ததும் அவனைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவது. அந்த ஒன்றை மட்டும் அத்தான் கற்றுக்கொள்ளவே இல்லை.

நான் அப்போது டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அக்கா வற்புறுத்தியதால் அந்த வீட்டின் பக்கத்து அறையில் தங்கினேன். அத்தான் என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிடுவார். சொல்லில் மரியாதை இருக்கும், குரலில் இருக்காது.

அக்காவும் நானும் அதே தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர்கள். அப்பா மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தாள். அக்கா அழகி. சின்ன கிளாக்கராகப் புதிதாக வந்திருந்த அத்தான் அவளைப் பார்த்து, தன் வீட்டார் எல்லோரையும் எதிர்த்துக்கொண்டு கட்டினார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே ஆண்மையான காரியம் அது. மீதி வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு காரியத்தை மறைப்பதிலேயே செலவிட்டார். மாத்தளைக்கு வந்ததும், "என் மனைவி குடும்பம் திருச்சிப் பக்கம். வயல், தோப்பு எல்லாம் இருக்கு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தார். எங்கள் அப்பாவுக்குச் சொந்தமாக இருந்தது மழைக்குப் போர்த்தும் ஒரு கறுப்புக் கம்பளி. சாகும்போது அதிலும் ஓட்டை விழுந்திருந்தது.

பாத்தி வெட்டிய அன்று அக்கா ஆசையோடு வாசலில் நின்று கேட்டாள்.

"முன்னுக்கு ரெண்டு செம்பருத்தி வைப்போம்ங்க. இந்த வெயிலுக்குத் தாங்கும்."

"செம்பருத்தியா? லயத்து வாசல்ல கெடக்குற பூவையா நம்ம வாசல்ல வைக்கணும்?"

"அப்ப கனகாம்பரம்?"

"கொழுந்து எடுக்குற பொம்பளைங்க தலையில வைக்கிறது."

"நந்தியாவட்டை வெள்ளையா அழகா இருக்குமே?"

"நான் வீடு கட்டியிருக்கேனா, கோயில் கட்டியிருக்கேனா?"

"மல்லிகையாச்சும்..."

"கொல்லையில வை. முன்னுக்கு வேணாம்."

பிறகு அவர் தன் பட்டியலைச் சொன்னார். ரோசா, டேலியா, கார்னேஷன். எல்லாவற்றுக்கும் மேலாக, துரை பங்களாப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் நீலமாகக் குலை குலையாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா. அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் வாய் கொஞ்சம் கோணும். துரையின் மனைவி, துரைசானி, சொல்லும் விதத்தில் சொல்லப் பார்ப்பார்.

"மாத்தளையில அது வருமா அத்தான்? அது குளிருக்குப் பூக்குறது" என்றேன்.

"டீச்சரம்மா, நீங்க பிள்ளைங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க. செடி விசயம் நான் பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். தோட்டத்து லொறி ஒன்று டவுனுக்கு இறங்கிய நாளில், தேயிலைப் பெட்டிகளுக்கு இடையில் சாக்குச் சுற்றி அந்தச் செடிகள் வந்து இறங்கின. ஊரெல்லாம் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. மாவு இல்லை, சீனி இல்லை, அரிசிக்கு அளவு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முற்றத்தைக் கொத்தி மரவள்ளி நட்டிருந்தார்கள். பெரிய உத்தியோகக்காரர் வீடுகளில்கூட வாசலில் வற்றாளைக் கிழங்குக் கொடி ஓடியது. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் சீமைப் பூ. அதில் அத்தானுக்கு ஒரு பெருமை. எல்லாரும் கிழங்கு நடும்போது பூ நடுகிறவன்தான் கனவான் என்று அவருக்கு ஒரு எண்ணம். இரவில் அக்கா அவித்து வைத்த மரவள்ளியை அந்தக் கனவான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். கிழங்கு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் முஸ்லிம்கள். மிளகும் ஏலமும் கறுவாவும் வாங்கி விற்கிற பழைய வியாபாரக் குடும்பம். அந்த வீட்டம்மாவை நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். அவர்கள் வழக்கத்தில் மூத்த சகோதரியை அப்படித்தான் சொல்வார்கள். மரவள்ளி நின்ற இடம் போக, ராத்தா வீட்டு முற்றம் முழுக்கப் பூச்செடிதான். எந்தச் செடியைக் கேட்டாலும் "இது பேராதனைப் பூந்தோட்டத்திலேர்ந்து எடுப்பிச்சது" என்பார். யட்டவத்தைச் சந்தையில் அதே செடியை அவர் வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். பெருமை பேசுவதில் அவரும் குறைந்தவர் இல்லை. ஆனால் அவர் நட்ட செடி பூத்தது. பெருமை பேசுகிறவர்களில் அந்த வித்தியாசத்தை நான் எப்போதும் கணக்கில் எடுப்பேன்.

ஹைட்ரேஞ்சியா வந்த மறுநாள் ராத்தா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மலைக் குளிரில் பிடித்த மொட்டு ஒன்றிரண்டு இன்னும் விரியாமல் பச்சையாக உருண்டு நின்றன.

"தங்கச்சி, இது என்ன? கோவா மாதிரி ஈக்கிது. சமைக்கலாமா?"

துரைசானியின் பூ முட்டைக்கோஸ் ஆனதைக் கேட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை, தேத்தண்ணியில் சாயம் இல்லை, வீட்டில் படித்த பொம்பளை இருந்தும் அடக்கம் இல்லை என்று எல்லாவற்றிலும் குறை வந்தது. ராத்தாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிளகு வியாபாரி வீட்டைப் பகைத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் கிடையாது.

மாசி பிறந்ததும் வெயில் ஏறியது. மாத்தளை வெயில் மேலே தேயிலை மலையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. காலையில் மெதுவாகத்தான் தொடங்கும். பத்து மணிக்கு மேல் தார் ரோடு இளகும். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது, பின்னேரம் முழுக்க வெயில் நேரே வந்து அடிக்கும். டேலியா முதலில் போனது. கார்னேஷன் பூக்காமலே போனது. ரோசா இலை உதிர்த்து முள்ளோடு நின்றது. ஹைட்ரேஞ்சியாவின் அகன்ற இலைகள் மத்தியானமானால் துணி மாதிரித் தொங்கிவிடும். தண்ணீர் ஊற்றினால் பின்னேரம் கொஞ்சம் நிமிரும். அதைப் பார்த்து அத்தான், "பாத்தியா, உசிரு இருக்கு. தண்ணிதான் பத்தல" என்பார்.

தண்ணீர் ஊற்றுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. அக்கா காலையிலும் ஊற்றினாள், பின்னேரமும் ஊற்றினாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னால் ஆனதைச் சுமந்தேன். அத்தான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியையும் போட்டுக்கொண்டு, "அந்தப் பக்கம் வேருக்கு ஊத்து, இலையில படாம ஊத்து" என்று கையைக் காட்டுவார். மலையில் கங்காணிக்குக்கூட வெயிலில் நிற்கிற வேலை இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை.

கிணறு வற்றி வாளிக் கயிறு நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் பின்னேரம் அக்கா பாசி பிடித்த கிணற்றுக் கல்லில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது ராத்தா அவள் கையைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாந்து வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து அக்காவைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன். அத்தான் பாத்தியைப் பார்த்தபடி நின்றார்.

"இன்னைக்கு இன்னும் தண்ணி ஊத்தல" என்றார்.

அந்த மனிதரை நான் அதற்கு முன் வெறுத்தேனா என்று தெரியாது. அந்த நிமிடத்துக்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"கிணறு அந்தப் பக்கம் இருக்கு அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவர் போகவில்லை. ஒருவனைக் கூலிக்குப் பிடித்தார். அவன் நான்கு நாள் வந்துவிட்டு ஐந்தாம் நாள் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் துரை வரப்போகிற செய்தி வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு அப்போது பலமாக அடிபட்டது. துரை உள்ளதை விற்று, மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்கே திரும்பிப் போக முடிவு செய்திருந்தார். போவதற்கு முன் திருகோணமலைக் கடலை ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும், போகிற வழியில் மாத்தளையில் கிளாக்கர் வீட்டிலும் ஒரு நிமிடம் இறங்குவேன் என்று லொறிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அத்தானின் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தார். எங்கிருந்தோ கொஞ்சம் கோதுமை மாவும் சீனியும் பிடித்து வந்து, கேக் போடச் சொன்னார். அக்காவுக்கு ஒரு கைதான். அவள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூப்பன் அரிசிக் கஞ்சியோடு வருகிற காலத்தில், நான் அந்த மாவைப் பிசைந்தேன். எல்லாம் ஆயிற்று, வாசல் மட்டும் முள்ளும் காய்ந்த இலையுமாக நின்றது. துரை பங்களாவைப் பார்த்து வெட்டிய பாத்தி. துரையே வந்து பார்க்கப்போகிறார்.

துரை வருகிற நாளுக்கு முதல்நாள் அத்தான் ரயிலேறிக் கண்டிக்குப் போனார். கடைசி ரயிலில், ஈரத் துணியில் சுற்றிய ஒரு பொதியோடு திரும்பினார். சந்தையில் வாங்கிய ரோசாப்பூ. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. சாமி படத்துக்கு என்று நினைத்தேன். காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால், மனிதர் பாத்தியில் குந்தியிருக்கிறார். அக்காவின் தையல் நூலால் ஒவ்வொரு பூவையும் ரோசாக் கொம்புகளில் கட்டிக்கொண்டிருக்கிறார். இலை இல்லாத கொம்பில் பெரிய பெரிய பூ.

"என்ன அத்தான் இது?"

"சத்தம் போடாதீங்க. பச்சை நூலு கொண்டு வாங்க. இது வெள்ளையா தெரியுது."

நான் கொண்டுபோகவில்லை. அக்கா இடது கையால் தையல் பெட்டியைக் கிளறி, பச்சை நூலை எடுத்துக் கொடுத்தாள்.

துரை காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். வெயில் உச்சிக்கு ஏறியபோதுதான் கார் வந்து நின்றது. அதற்குள் பூவெல்லாம் கழுத்தை மடித்துக்கொண்டன. கட்டிய இடத்தில் நூல் மட்டும் உறுதியாக நின்றது. துரை இறங்கினார், சிவந்த முகம், வியர்வையில் நனைந்த சட்டை. பின்னால் துரைசானி. பஞ்சு மாதிரித் தலைமயிர் உள்ள மெலிந்த மனுசி. அத்தான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். சொந்த வீட்டு வாசலில், தான் வெள்ளையடித்த கல்லுக்குப் பக்கத்தில், ஒப்பீஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற கூலி மாதிரி.

துரைசானி அன்பாகத்தான் பாத்திக்குப் போனாள். "ஓ, ரோசஸ்" என்று குனிந்து ஒன்றை முகரப் பார்த்தாள். பூ அவள் விரலோடு வந்துவிட்டது. அதன் பின்னால் ஒரு சாண் பச்சை நூலும் வந்தது. அவள் முகம் சிவந்து, அவசரமாக அதை மறுபடி கொம்பில் வைக்கப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

துரை பார்த்துவிட்டார். கிட்டப் போய் இன்னொரு பூவை இழுத்தார். அதுவும் நூலோடு வந்தது.

"கிளாக்கர்! இது என்னா? பூவைத் தைச்சு வைச்சிருக்கியா நீ?"

துரைமாரின் தமிழ் மலையில் கூலிகளை விரட்டிப் பழகிய தமிழ். அவர்களுக்கு 'நீ' மட்டும்தான் தெரியும். 'நீங்க' அவர்கள் படிக்கிற பாடத்தில் வராது. நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் அதைக் கேட்டிருக்கிறேன். வெள்ளையடித்த சொந்த வீட்டு வாசலில், வேலிக்கு மேலாக ராத்தா வீட்டார் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த 'நீ' எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

துரை சிரித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். "ரொம்பக் கெட்டிக்காரன் நீ" என்று அத்தானின் தோளில் தட்டினார். அத்தானும் சிரித்தார். நான் இன்றுவரை மறக்காதது அந்தச் சிரிப்பைத்தான். கோபப்பட்டிருக்கலாம். தலையைக் குனிந்து உள்ளே போயிருக்கலாம். அழுதிருந்தால்கூட ஒரு மனிதன் என்று நினைத்திருப்பேன். அவர் துரை சிரிக்கிற மாதிரியே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

கேக்கைத் துரை தொடவில்லை. டாக்டர் சீனி சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். துரைசானி ஒரு துண்டு எடுத்து, அக்காவின் சாந்துக் கையைப் பார்த்து என்னிடம் இங்கிலீஷில் என்ன நடந்தது என்று கேட்டாள். "பூவுக்குத் தண்ணீர் சுமந்து விழுந்தாள்" என்றேன். அத்தான் என்னை முறைத்தார். துரைசானி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கார் தம்புள்ளைப் பக்கம் போய்விட்டது.

அத்தான் படியில் உட்கார்ந்தார். இன்றைக்காவது அக்கா வாய் திறப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. நல்லா வந்திருக்கு."

அவர் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நீ ஒழுங்கா தண்ணி ஊத்தியிருந்தா இந்தக் கேவலம் வந்திருக்குமா?"

அக்கா தன் சாந்துக் கையை ஒருமுறை பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவள்மேலும் ஒரு அருவருப்பு வந்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அக்கா நேரே வேலிக்குப் போனாள்.

"ராத்தா, உங்க செம்பருத்தியில கொஞ்சம் கம்பு வெட்டித் தருவீங்களா? வாசல்ல வைக்கணும்."

அத்தான் விறாந்தையிலிருந்து பேப்பரைத் தாழ்த்தினார். ராத்தாவைப் பார்த்து, பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

"அவ சும்மா சொல்றா. திருச்சியில அவங்க வீட்டுல இதெல்லாம் நிறைய இருந்துச்சு. அந்தப் பழக்கம்..."

அக்கா திரும்பவே இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாக, உப்பு இரவல் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எங்கப்பா திருச்சியக் கண்ணால பார்த்ததில்ல ராத்தா. நான் பொறந்தது தோட்டத்து லயத்துல. எங்க லய வாசல்ல இந்தப் பூதான் நின்னுச்சு. அதான் கேக்குறேன்."

விறாந்தையில் பேப்பர் அசையவில்லை. நான் செருப்பில் ஒரு காலோடு அப்படியே நின்றேன். மாத்தளைக்கு வந்த நாளிலிருந்து அவர் கட்டி வைத்திருந்த கோட்டை. வயலும் தோப்பும் அந்த ஒரு மூச்சில் போய்விட்டன.

ராத்தா தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"ஒத்த அடுக்கா, ரெட்ட அடுக்கா?"

"ஒத்த அடுக்கு. செவப்பு" என்றாள் அக்கா.

"ரெட்ட அடுக்கு பேராதனையிலேர்ந்து வந்தது புள்ள. அதையும் கொண்டு போங்க."

நான் அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன்.

அன்றிலிருந்து அக்கா செடி தேர்ந்தெடுத்தாள். அவசரப்படவில்லை. ஒரு முக்காலியை வாசலில் போட்டு, காலையில் ஓரிடத்தில், மத்தியானம் ஓரிடத்தில், பின்னேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து, வெயில் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தாள். மேற்குப் பார்த்த வேலிக்கு போகன்வில்லா என்று முடிவானது. அதற்கு மண் காய்ந்தால்தான் பிடிக்கும், தண்ணீர் கூடினால் இலைதான் தழைக்கும், பூக்காது. செம்பருத்தி வெயிலும் படுகிற, வேரில் கொஞ்சம் ஈரமும் நிற்கிற பாத்தி நடுவுக்கு. படியின் இரண்டு பக்கமும் இட்லிப்பூ, வெட்டி விட்டால் குட்டையாக நிற்கும். கிணற்றுப் பக்கத்து நிழலில் நந்தியாவட்டை. சமையலறைத் தண்ணீர் வடிகிற இடத்தில் மல்லிகை, அதற்கென்று ஒரு வாளிகூடச் சுமக்க வேண்டாம். கனகாம்பரம் மாமரத்து அரை நிழலில்.

ராத்தா அரளியும் வைக்கச் சொன்னார். எந்த வறட்சிக்கும் சாகாது என்றார்.

"உங்க ஆடு எங்க வேலியில நுழையும் ராத்தா. அரளியக் கடிச்சா செத்துப் போகும். அப்புறம் நீங்க எங்கள விடமாட்டீங்க" என்றாள் அக்கா.

ராத்தா தன் ஆடு அப்படிப்பட்ட ஆடு இல்லை என்றார். பிறகு குரோட்டன் வைக்கச் சொன்னார், எட்டு நிறத்தில் இருக்கிறது என்றார்.

"பூக்காத செடிக்கு ஒத்தக் கையால தண்ணி ஊத்த மாட்டேன்."

எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு 'மாட்டேன்' அவளிடம் எங்கே இருந்தது? ஏன் அதை இந்த ஆளிடம் இத்தனை காலம் சொல்லவில்லை? கேட்டேன். "அப்ப கேக்கத் தோணல. இப்பத் தோணுது" என்றாள். அது பதில் இல்லை. அதற்குள் அவள் முக்காலியைத் தூக்கி அடுத்த இடத்தில் போட்டாள்.

சித்திரை மழை விழுந்ததும் கம்புகளை நட்டோம். பழைய செடிகளைப் பிடுங்கி எரித்துவிடலாம் என்றேன். அக்கா விடவில்லை. உயிர் இருந்த ஹைட்ரேஞ்சியாக்களை மண்ணோடு தோண்டி, சாக்கில் கட்டி, ரத்தோட்டைக்கு மேலே போகிற லொறியில் ஏற்றி அனுப்பினாள். "அதுங்க மேல என்ன குத்தம்? குளிருக்குப் போனா பொழச்சுக்கும்."

அத்தான் ஒரு மாதம் வாசல் வழியாகப் போகவில்லை. சுற்றிப் போய்ப் பக்கப் படலையால் வெளியேறினார். அக்காவோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். அக்காவுக்கு அதில் நட்டம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த மாசி வெயிலில், ஊரே காய்ந்து கிடந்தபோது, எங்கள் வேலி முழுக்க போகன்வில்லா இலையே தெரியாமல் பூத்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அத்தான் முன்வாசலால் போகத் தொடங்கினார். பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஓய்வு பெற்ற ஒரு ரயில்வே உத்தியோகத்தரிடம் வேலிக்கு அருகில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"க்ளைமேட்டப் பாக்கணும் சார். நம்ம ஆளுங்க வெள்ளைக்காரனப் பார்த்துக் கண்ட செடியையும் வைக்கிறாங்க. சுத்த முட்டாள்தனம். நான் ஒரு வருசம் வெயில் எங்க விழுதுன்னு பார்த்துத்தான் இதெல்லாம் செலக்ட் பண்ணேன்."

வந்தவர் தலையாட்டினார். அக்கா பத்தடி தள்ளி மல்லிகை பறித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. நான் அத்தானின் முகத்தை நேரே பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சின்ன நடுக்கமும் இல்லை. தான் சொல்வதை அவரே நம்பினார். பொய் சொல்கிறவனைக்கூட எனக்குக் கொஞ்சம் மதிக்கத் தெரியும். தன் பொய்யை நம்புகிறவனிடம் மதிக்க என்ன இருக்கிறது?

அந்த வருடம் முடியும்போது எனக்கு வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. நான் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மேலே தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டு பெண்கள் பஸ்ஸுக்குப் போகிற வழியில் எங்கள் வேலியோரம் நின்றார்கள். ஒருத்தி கையில் மருந்துப் போத்தல். மற்றவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, ஒரு பூ பறிச்சுக்கலாங்களா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் அவள் வீட்டுக்கு முன்னால் உட்காருவதே இல்லை. எழுந்து படலைக்குப் போனாள்.

"பறிச்சுக்க புள்ள. எந்தத் தோட்டம்?"

அந்தப் பெண் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். எங்கள் தோட்டம்தான். அதற்கு மலையில் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று இரண்டு பகுதி.

"மேப்பிரிவா, கீப்பிரிவா?"

"கீப்பிரிவுங்க. கடைசி லயம்."

"கடைசி லயமா? அப்ப நீ யாரு மக?" என்று அக்கா படலையைத் திறந்துவிட்டு, ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். மூன்று பேரும் வேலியோரம் நின்று யார் செத்தார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று பேசத் தொடங்கினார்கள். அத்தான் விறாந்தையிலிருந்து எழுந்து உள்ளே போய், ரோட்டுப் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினார். கொக்கி போடுகிற சத்தம் கேட்டது. அக்கா அந்தப் பெண்ணின் தலையைத் திருப்பி, அவள் கொண்டையில் கனகாம்பரத்தைச் செருகிக்கொண்டிருந்தாள்.